கொலுப்படிக்குக் கீழே ஓர் என்ஜின்

காலை ஏழு மணி இருபது. மின்தூக்கியின் கதவு திறந்தபோது நான் முதலில் பார்த்தது ஒரு சக்கர நாற்காலி. அதில் தலை முதல் கால்வரை பச்சைப் போர்வை போர்த்திய ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. என் கணவர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய பட்டறை நண்பர் பக்கத்தில் குனிந்து, போர்வை சக்கரத்தில் சிக்காமல் பிடித்துக்கொண்டே நடந்தார். சந்தைக்குக் கிளம்பி நின்ற எதிர்வீட்டுச் சீன அம்மையார் சுவரோரம் ஒதுங்கிக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நாற்காலி கடந்து போனதும், யாருக்கு உடம்பு முடியவில்லை என்று தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்.

என்ஜின் என்றேன்.

அவர் சற்று யோசித்தார். கார் என்ஜினா என்றார். ஆமாம் என்றேன். கார் எங்கே என்றார். அந்தக் கேள்விக்கு விடை நீளமானது. மின்தூக்கி காத்திருக்காது.

கார் பட்டறையில் இருந்தது. கார் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். என் கணவர் கப்பல் பட்டறையில் பொறியாளர். வேலை இல்லாத நாள்களில், அறுபதுகளில் செய்த ஒரு சிறிய பிரிட்டிஷ் காரை ஒன்பது ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம், மற்றவர்கள் வீடு கட்டுவதைச் சொல்வதுபோல. கூரை ஓர் இடத்திலிருந்து வந்தது, கதவுகள் இன்னோர் இடத்திலிருந்து வந்தன. எல்லாம் நண்பரின் வாடகைப் பட்டறையில், ஒரு மூலையில், சாக்குப்படுதாவுக்குள் கிடந்தன. உடலைச் சரிசெய்து முடித்த பிறகு என்ஜினைத் தொட்டிருக்க வேண்டும். இவர் என்ஜினை முதலில் முடித்துவிட்டார். பிஸ்டனிலிருந்து கடைசித் திருகாணிவரை புதுப்பித்து, சாம்பல் நிறம் பூசி, பார்க்க யாருமில்லாத ஓர் அழகோடு அது நின்றது. பக்கத்தில் கார் இன்னும் துருவாக இருந்தது. பட்டறையில் நாள் முழுவதும் இரும்பைத் தேய்க்கிறார்கள். அந்தத் தூள் ஒரு சிட்டிகை உள்ளே போனால் செய்த வேலை அத்தனையும் பாழ் என்றார். ஆகவே அது செங்காங்கில் பன்னிரண்டாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தது.

சக்கர நாற்காலி நண்பருடையது. மாமனாருக்காக வாங்கினாராம். மாமனார் அதில் உட்கார மறுத்துவிட்டார்.

புதிய அடுக்குமாடி வீடுகளில் பாம் ஷெல்டர் என்று ஓர் அறை உண்டு. போர் வந்தால் ஒளிந்துகொள்ள, தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைத்துக் கட்டியது. போர் வராததால் எல்லா வீட்டிலும் அதில் அரிசியும் பெட்டிகளும் பழைய மின்விசிறியும் இருக்கும். எங்கள் அரிசியும் பெட்டிகளும் வெளியே வந்தன. என்ஜின் உள்ளே போனது. நான்கு சிறு சக்கரங்கள் வைத்த தாழ்வான இரும்புத் தட்டில் அதை உட்காரவைத்தார். திறந்திருந்த துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். உள்ளே துருப்பிடிக்காமலிருக்க ஒரு கெட்டி எண்ணெயை ஊற்றினார். மேலே கனத்த பிளாஸ்டிக் உறை. சுற்றிலும், அலமாரியில் துணி பூசணம் பிடிக்காமலிருக்க வைப்போமே, ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள், அவற்றை வட்டமாக வைத்தார். இந்த ஊரின் ஈரத்தை நம்ப முடியாது. டப்பாக்களில் தண்ணீர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாலை ஐந்து மணிக்கு அதைச் சுழற்ற வேண்டும். என்ஜினின் முன்பக்கம் ஒரு பெரிய நட்டு. அதில் ஸ்பேனரைப் பொருத்திக் கையால் கொஞ்சம் திருப்புவார். ஒரே நிலையில் மாதக்கணக்கில் இருந்தால் உள்ளே வளையங்கள் ஒட்டிக்கொள்ளும் என்பது காரணம். திருப்பும்போது உள்ளிருக்கும் காற்று ‘புஸ்ஸ்’ என்று வெளியேறும். ஸ்பேனரைப் பின்னால் இழுக்கும்போது டிக்டிக்கென்று சத்தம் வரும். எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை ஐந்து மணி என்பதற்கு அந்தச் சத்தம்தான் அடையாளம்.

புரட்டாசி அமாவாசைக்குச் சில நாள் முன்னால் குவீன்ஸ்டவுனிலிருந்து அண்ணி கூப்பிட்டார். என் கணவரின் அக்கா. அவருடைய பழைய அடுக்குமாடி புளோக்கில் மேம்பாட்டுப் பணி தொடங்கி, வீட்டுக்கு வீடு குளியலறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வீடெங்கும் சிமெண்டுத் தூள். அவர் நவராத்திரிக் கொலு வைக்காத ஆண்டே கிடையாது.

“இந்த வருஷம் கொலு உங்க வீட்டுலதான். நானும் வந்து தங்கிக்கிறேன். சாமான் கொஞ்சம் இருக்கு, தம்பிகிட்ட சொல்லிடு.”

கொஞ்சம் என்பது ஒரு லாரி. பொம்மைப் பெட்டிகள் மட்டுமல்ல, தூள் படக்கூடாத எல்லாமும் வந்தன: கிரைண்டர், வெள்ளிப் பாத்திரம், பட்டுப்புடவைகள், அண்ணியின் கணவரான மாமாவின் சாய்வு நாற்காலி. மாமா மட்டும் உடைப்பவர்களைக் கண்காணிக்க அங்கேயே இருந்துவிட்டார். கொலு பார்க்க மனிதர்கள் வரும் கூடத்தில் அட்டைப்பெட்டிகள் கிடக்கக்கூடாது என்பது அண்ணியின் நிபந்தனை. பெட்டிகளை வைக்க ஒரே இடம் பாம் ஷெல்டர். என்ஜின் எங்கே போவது?

என் கணவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கூடத்தில் இரண்டு சுற்று நடந்தார். கொலுவுக்கு ஏழு படி. பின்பக்கப் படி உயரமாக இருக்கும், அதன் அடியில் வெறும் இடம். அமாவாசைக்கு முந்தின நாளே துளையிட்ட இரும்புச் சட்டங்களை வாங்கிவந்து, சுவரோடு ஒட்டிப் படிக்கட்டு அமைத்தார். கட்டுவதற்கு முன் என்ஜினை நடுவில் உருட்டி நிறுத்திக்கொண்டார். அதாவது, என்ஜினைச் சுற்றித்தான் கொலுப்படி எழுந்தது. பலகை போட்டு, வெள்ளை வேட்டி விரித்து, ஓரங்களைத் தரைவரை தொங்கவிட்டார். இரண்டு பக்கமும் படிகள் ஆடாமலிருக்கக் குறுக்குச் சட்டம். அதற்கு இடையே மெலிந்த ஒருவர் தவழ்ந்து நுழையலாம். என்ஜின் நுழையாது, வெளியே வரவும் வராது. பின்பக்கம் திறப்பு, ஆனால் அங்கே சுவர்.

“எல்லாம் முடிஞ்சதும் கழட்டி எடுத்துக்கலாம்” என்றார்.

“அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“அக்கா கேக்கலையே.”

அண்ணி வந்து படிகளைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. “எங்க வீட்டு மரப்படி மூணாம் நாளே ஆடும். இது கப்பல் மாதிரில்ல இருக்கு” என்று தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். தம்பி தரையைப் பார்த்துச் சிரித்தார். மேல்படியில் கலசம் வைத்தாயிற்று. வைத்துவிட்டால் விஜயதசமிவரை கொலுவைக் கலைக்கக் கூடாது.

இரண்டாம் நாள் அண்ணி மூக்கைச் சுருக்கினார்.

“விளக்குல என்ன எண்ணெய் ஊத்தின?”

“நீங்க வாங்கிட்டு வந்த நல்லெண்ணெய்தான் அண்ணி.”

“சிக்கு வாடை அடிக்குது.”

சிராங்கூன் சாலையில் அவர் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போத்தலோடு போனார். கடைக்காரர் முகர்ந்து பார்த்து, நல்லா இருக்கேம்மா என்றிருக்கிறார். அண்ணி விடவில்லை. முப்பது வருடமாக உங்களிடம் வாங்குகிறேன் என்பதில் தொடங்கி, உங்கள் அப்பா காலத்தில் இப்படி இல்லை என்பதுவரை போயிருக்கிறார். வேறு போத்தல் வந்தது. அதிலும் வாடை. மறுபடி போனார். மூன்றாம் முறை கடைக்காரர் காசு வாங்காமல் நெய் கொடுத்து அனுப்பினார். நெய் விளக்கு எரிந்தபோதும் கூடத்தில் ஒரு பணிமனை மணந்தது. என் கணவர் அந்த நாள்களில் வேலையிலிருந்து தாமதமாகவே வந்தார்.

ஞாயிறு வந்தது. மாலை ஐந்துக்கு அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்து இவர் ஸ்பேனரோடு வேட்டிக்கு அடியில் நுழைந்தார். அதே நேரம் வாசல் மணி அடித்தது. அண்ணியின் பஜனைக் குழுவிலுள்ள ஓர் அம்மா, ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னவர், பேருந்து உடனே கிடைத்ததென்று ஐந்துக்கே வந்துவிட்டார். வந்தவர் கொலுவுக்கு நேரெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். அண்ணி ஈரத் தலையோடு வந்து, ஒரு பாட்டுப் பாடுங்களேன் என்றார்.

அவர் பாடத் தொடங்கினார். குரல் நன்றாகவே இருந்தது. முதல் பாட்டு முடியும்வரை படிக்கட்டுக்குள் சத்தமில்லை. இரண்டாவது பாட்டில், ஸ்பேனரைப் பாதிச் சுற்றில் பிடித்துக்கொண்டிருந்த என் கணவரின் கை வலித்திருக்க வேண்டும். ‘புஸ்ஸ்’ என்றது. பிறகு டிக், டிக், டிக். பாடிய அம்மா தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தைச் சற்று விரைவுபடுத்தினார். அடுத்து இவர் நிமிர்ந்து தலையைச் சட்டத்தில் இடித்துக்கொண்டார். நான்காம் படியிலிருந்த தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை மெல்லத் தலையை ஆட்டியது, பிறகு இடுப்பையும் ஆட்டியது.

பாட்டு நின்றது.

“பாத்தீங்களா?” என்றார் அந்த அம்மா.

“பாத்தேன்” என்றார் அண்ணி. குரல் இறங்கியிருந்தது.

அந்த அம்மா மேலும் மூன்று பாட்டுகள் பாடினார். சுண்டல் சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு, வாசலில் நின்றும் அரைப் பாட்டுப் பாடினார். அவர் போனதும் அண்ணி அடுக்களைக்குள் திரும்பினார். என் கணவர் பக்கவாட்டில் வெளியே வந்தபோது நேராக நிற்க முடியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து கொலுவுக்குக் கூட்டம் கூடியது. வந்தவர்கள் எல்லாரும் ஒரு பாட்டாவது பாடிவிட்டுத் தலையாட்டிப் பொம்மையை உற்றுப் பார்த்தார்கள்.

புதன்கிழமை மதியம் பட்டறை நண்பர் கூப்பிட்டார். என் கணவர் கைப்பேசியை மேசைமேல் வைத்தே பேசியதால் எனக்கும் கேட்டது.

“அண்ணே, உங்க பாடி ரெடி. பெயிண்டும் காஞ்சிருச்சு. நாளைக்கு இன்ஜினக் கொண்டாந்துருங்க.”

“நாளைக்கா? ஞாயித்துக்கிழமை வெச்சிக்கலாமே.”

“முடியாது லா. ஹாய்ஸ்ட வித்துட்டேன். வாங்கினவன் சனிக்கிழமை காலைல லாரியோட வர்றான். மாசக் கடைசியில நான் இந்த யூனிட்டயே காலி பண்றேன், சொன்னேன்ல.”

“அப்ப வெள்ளிக்கிழமை.”

“வெள்ளிக்கிழமை ஆயுத பூஜைண்ணே. எல்லா ஸ்பேனரும் சாமிகிட்ட இருக்கும். நான் ஒண்ணையும் தொட மாட்டேன். நாளைக்கு வந்தா உண்டு.”

ஹாய்ஸ்ட் என்பது என்ஜினைச் சங்கிலியில் தூக்கி காருக்குள் இறக்கும் பாரந்தூக்கி. அது போய்விட்டால் இறக்க வழியில்லை. பட்டறையும் போய்விட்டால் காருக்கு நிற்க இடமில்லை. அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் என்ஜின் இல்லாத, பதிவில்லாத ஒரு காரை வைக்க விடமாட்டார்கள். வேறு பட்டறைகளில் அவர் முன்பே கேட்டுப் பார்த்திருந்தார். மிச்சமிருந்தது பழைய இரும்புக் கடை மட்டுமே. ஒன்பது ஆண்டு வேலை வியாழக்கிழமை ஒரு நாளில் வந்து நின்றது. என்ஜினோ சனிக்கிழமைவரை கலைக்கக் கூடாத ஏழு படிகளுக்குள் நின்றது.

அன்று மாலை அண்ணி கூடத்தில் உட்கார்ந்து மொச்சையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் கணவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அக்கா, கொலுவுக்குக் கீழ ஒரு சாமான் இருக்கு.”

“என்ன சாமான்?”

“இன்ஜின்.”

அண்ணி எழுந்து போய் வேட்டியின் ஓரத்தைத் தூக்கினார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். முகர்ந்தார். வேட்டியைக் கீழே விட்டார்.

“இதுதானா அந்த வாடை?”

“ஆமாக்கா.”

“அந்தக் கடைக்காரர என்ன பேச்சுப் பேசிட்டு வந்தேன் தெரியுமாடா? அவரு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு.”

என் கணவர் தரையில் சிந்தியிருந்த கல்லைப் பொறுக்கினார்.

“ஞாயித்துக்கிழமை பொம்மை ஆடுச்சே. அது?”

“தலை இடிச்சிருச்சுக்கா.”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் மொச்சையைப் பார்த்தேன்.

“மூணு நாளா ஊரையே கூப்பிட்டுக் காமிச்சிருக்கேன்” என்றார். “இத யார்கிட்டயும் சொல்லாதீங்க, ரெண்டு பேரும்.”

பிறகு பேச்சுவார்த்தை தொடங்கியது. என் கணவர் கப்பல் பட்டறைக் கூட்டத்தில் பேசுவதைப்போல ஒவ்வொரு வழியாக முன்வைத்தார். கீழ் மூன்று படியை மட்டும் எடுக்கலாமா? நடுவில் கலைக்கக் கூடாது. பொம்மைகளோடு அப்படியே ஜாக்கி வைத்துத் தூக்கலாமா? கலசத்தைத் தூக்குவதும் எடுப்பதும் ஒன்றுதான். சுவரிலிருந்து மூன்றடி முன்னால் தள்ளினால் பின்பக்கமாக உருட்டி எடுத்துவிடலாம், தள்ளலாமா?

“சாமிய யாராவது தள்ளுவாங்களாடா?”

அண்ணி ஒரு கைப்பிடி மொச்சையைப் பார்த்து முடித்தார்.

“இழுக்கலாம்” என்றார்.

“என்னக்கா வித்தியாசம்?”

“தேர இழுக்கிறதில்ல? சாமி மேலதான இருக்கு. கயிறு கட்டி இழுத்தா அது தேரு. தள்ளினா அது சாமான்.”

தேர் என்று முடிவானதும் நிபந்தனைகள் வந்தன. இழுப்பவர்கள் குளித்திருக்க வேண்டும். காலில் செருப்புக் கூடாது. என் கணவர் சரக்குகளைக் கட்டும் மஞ்சள் பட்டையைக் கொண்டுவந்தார். அண்ணி அதைக் கையால் தொட மறுத்து, தேங்காய் நார்க் கயிறு வாங்கிவரச் சொன்னார். இவர் தேக்கா பக்கம் போய் வாங்கிவந்தார். அண்ணி சண்டை போட்ட எண்ணெய்க் கடையிலும் ஏதோ வாங்கிக்கொண்டு வந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு நண்பர் இரும்புமுனை வைத்த காலணியோடு வந்து, வாசலிலேயே கழற்றினார். இழுக்க ஆள் போதவில்லை. நண்பர், நான், இன்னும் ஒருவர் வேண்டும். தினமும் மாலை சுண்டலுக்கு வந்துகொண்டிருந்த எதிர்வீட்டு அம்மையாரை அண்ணி கூப்பிட்டார். குளித்தீர்களா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். காலையிலேயே குளித்தாயிற்று, எதற்கு என்றார் அவர். என்ஜினை எடுக்க என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

என் கணவர் முந்தின மாலையே சட்டத்தின் கால்களுக்கு அடியில், ஒவ்வொன்றாக நெம்பி, கம்பளித் துண்டுகளைச் செருகியிருந்தார். அதற்கு மட்டும் அண்ணி அடுக்களைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது மூன்றாம் படியில் தசாவதாரப் பொம்மைகளின் வரிசையில் பத்துக்கு அடுத்ததாக ஒரு ரசமட்டத்தை வைத்தார்.

“இது எந்த அவதாரம்?” என்றார் அண்ணி.

“சாயுதான்னு பாக்கக்கா.”

அண்ணி எலுமிச்சம்பழங்களோடு வந்தார். தேர்ச் சக்கரத்துக்குப் பழம் வைத்து நசுக்கித்தான் கிளப்ப வேண்டும். இங்கே சக்கரம் இல்லை. ஒரு கால் பழத்தின்மேல் ஏறினால் கலசம் எங்கே விழும் என்று இவர் கையைச் சாய்த்துக் காட்டினார். கலசம் என்றதும் அண்ணி யோசித்தார். பழங்கள் என்ஜின் தட்டின் சக்கரங்களுக்கு என்று முடிவாயிற்று.

அண்ணி கற்பூரம் காட்டினார். நாங்கள் மூவரும் கயிற்றைப் பிடித்தோம். என் கணவர் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் படுத்து, கால்களைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் ‘ஸ்லோ, ஸ்லோ’ என்றார். அண்ணி அதைவிட உரக்க ஓம்சக்தி என்றார். எதிர்வீட்டு அம்மையார் இரண்டையும் மாறி மாறிச் சொன்னார். ஏழு படிகளும் ஒரு சாண் நகர்ந்தன. தலையாட்டிப் பொம்மை ஆடத் தொடங்கியது, இந்த முறை யாரும் அதைக் கவனிக்கவில்லை. தரை ஓட்டின் ஓர் இணைப்பில் ஒரு கால் தட்டி நின்றது. செட்டியார் பொம்மை தன் மளிகைக் கடையின் முன்னால் குப்புற விழுந்து, பலகையின் ஓரத்தில் நின்றது. நண்பர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நில்லுங்க” என்றார் என் கணவர். ரசமட்டத்தைப் பார்த்தார். “சரி, இப்ப மூணு பேரும் ஒரே மாதிரி. வெட்டி இழுக்காதீங்க.”

இழுத்தோம். கால் இணைப்பைத் தாண்டியது. மூன்றடி போனதும் அவர் கையைத் தூக்கினார். கயிற்றை விட்டோம். அண்ணி செட்டியாரை நிமிர்த்தி உட்காரவைத்தார்.

என் கணவர் சுவருக்கும் படிக்கும் நடுவே நுழைந்து என்ஜினைப் பின்னோக்கி இழுத்தார். பழங்கள் நசுங்கின. பிளாஸ்டிக் உறைக்குள் அது ஒரு தூசியும் இல்லாமல், கட்டிய அன்று இருந்ததுபோலவே இருந்தது. நண்பர் அதை வாசலுக்கு உருட்டப் போனபோது அண்ணி தடுத்தார்.

“இருங்க தம்பி. அம்பாளுக்குக் கீழ இத்தன நாள் இருந்திருக்கு. வெறும் நெத்தியோட அனுப்பக் கூடாது.”

“அக்கா, இன்ஜின் மேல எதுவும் படக் கூடாது” என்றார் என் கணவர்.

“கவர் மேலதான்டா வைக்கிறேன்.”

வைத்தார். குங்குமப் பொட்டோடு என்ஜின் மின்தூக்கியில் கீழே போனது.

மாலை ஐந்தரைக்கு ஒரு புகைப்படம் வந்தது. என்ஜின் காருக்குள் இருந்தது. என் கணவரின் முகம் படத்தில் இல்லை, முழங்கை மட்டும் தெரிந்தது. அண்ணி என் கைப்பேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “பொட்டக் காணோமே” என்றார்.

இருட்டும் நேரத்தில் என் கணவர் வீட்டுக்கு வந்தார். கைகளில் கறுப்பு, சட்டையில் கறுப்பு. குளித்துவிட்டு வந்து, யாரும் சொல்லாமலே கொலுவுக்கு முன்னால் நின்று சட்டத்தின் மேல் கையை வைத்தார். கூடத்தின் நடுவில் நிற்பதைப் பழையபடி சுவரோடு சேர்க்க நினைத்திருக்கிறார்.

“என்ன செய்யப் போற?” என்றார் அண்ணி.

“பின்னாடி நகத்திடுறேன்க்கா. டிவி மறைக்குது.”

“தேரு எங்கயாவது பின்னாடி போகுமா? சுத்தித்தான் நிலைக்கு வரணும்.”

இவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சோபாவிலிருந்து சாப்பாட்டு மேசைவரை அளந்தார். மறுபடி அளந்தார். சுற்றி வர இடமில்லை. நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் கொலு பார்க்க வந்தவர்கள், சுவருக்கும் படிக்கும் நடுவே இருந்த வழியில் நுழைந்து, அதை மூன்று முறை சுற்றிவிட்டு உட்கார்ந்தார்கள்.